வராத குண்டு

பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியால் விளையாடும் ஏர்சாஃப்ட் ஆட்டத்தில், குண்டு பட்டவரே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும். கேப்டன் கஜேந்திரன் மட்டும் ஒருநாளும் கை தூக்கியதில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த செல்வராணி, மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர் ஆகலாமா என்று யோசிப்பதாகக் கேப்டனிடம் சொன்னாள்.

"நான் எதிர்ப்பக்கம் நிக்கிறேன். மதியத்துக்குள்ள என்னைச் சுட்டுக் காட்டு. இல்லேன்னா டீமை விட்டுக் கிளம்பு" என்றார் கேப்டன்.

"சரிங்கண்ணா" என்றவள் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் புதருக்குள் போய்ப் படுத்தாள்.

மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேப்டன் சிரித்தார். "காலையிலிருந்து சுட்டுத் தள்ளினியே, ஒண்ணாவது பட்டுச்சா? எல்லாம் காதோரமா விர்ருன்னு போச்சு!"

செல்வராணி தன் குண்டுப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். அது பிரிக்கப்படவே இல்லை.

"நான் சுடவே இல்லீங்கண்ணா. அசையாம படுத்திருக்க முடியுதான்னு பார்த்தேன், முடியுது. ஆனா தூரத்துல இருந்து சுடுறவ, பட்டவங்க வாயைத்தான் நம்பணும். வராத குண்டையே வந்துச்சுங்கிறீங்க. வந்த குண்டை என்ன சொல்வீங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"போன ஞாயித்துக்கிழமை பயிற்சி ஆட்டத்துல நீ சுட்டது என் தோள்ல பட்டுச்சும்மா" என்றார் கேப்டன் மெதுவாக.

"அப்ப நானே ஸ்னைப்பரா இருக்கேங்கண்ணா" என்றாள் செல்வராணி.