சரளையில் மூன்றாவது ஆள்

“மாஸ்டர், நடுவுல காலியா இருக்கு,” என்றான் டெரன்ஸ்.

“எங்க?” என்றாள் எழினி.

“பாட்டுலதான். நீங்க டிரம்ஸ், நான் கிட்டார். ரெண்டே பேர். கேக்கறவங்களுக்கு, பாதி ஆளுங்க வரலையோன்னு தோணும்.”

எழினி ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

டெரன்ஸுக்கு வயது நாற்பத்து நான்கு. எழினிக்கு இருபத்தெட்டு. கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபங்களில், ஒரு மெல்லிசைக் குழுவில், இருபது வருஷம் கிட்டார் வாசித்தவன் அவன். யாருடைய பாட்டைக் கேட்டாலும் அவன் விரலில் அச்சு அசலாக வரும்.

ஒருநாள் எழினியின் ‘சரளை’ ராக் குழுவைக் கேட்டான். அதில் அன்றைக்கும் இரண்டே பேர். சத்தம் மேலே விழுந்து பிறாண்டியது. வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை. அவளுடைய பழைய கிட்டார்க்காரர் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும் அவளிடம் போய் நின்றான்.

“எனக்குன்னு ஒரு சத்தம் இல்லைங்க. கத்துக் குடுங்க, மாஸ்டர்.”

மாஸ்டர் என்று கேலியாகத்தான் ஆரம்பித்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

கணபதி பகுதியில் ஒரு பட்டறைக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டில் பயிற்சி. தாளத்தில் கொஞ்சம் இடைவெளி வந்தால் போதும், டெரன்ஸின் விரல்கள் ஓடிப்போய் எதையாவது வாசித்துவிடும். உடனே எழினி நிறுத்திவிடுவாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“நீங்க பேசிட்டிருந்தீங்கண்ணா. முடிக்கட்டும்னு இருந்தேன்.”

சனிக்கிழமை கச்சேரி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவளிடம் கேட்காமலேயே, நடுவிலிருந்த காலியை நிரப்ப ஒரு பேஸ் கிட்டார்க்காரனை அழைத்து வந்தான். பெயர் முகுந்தன். நல்ல கை.

மூவரும் வாசித்தார்கள். சத்தம் உருண்டு திரண்டு, வழவழவென்று வந்தது. டெரன்ஸின் முகம் மலர்ந்தது.

“எப்படி, மாஸ்டர்?”

“நல்லா இருக்குங்ண்ணா. யாருக்கும் எங்கயும் வலிக்காது.”

முகுந்தன் சிரித்துவிட்டான். டெரன்ஸ் சிரிக்கவில்லை.

“சனிக்கிழமைக்கு இவனும் வரட்டுமா?”

“உங்க பாட்டு. நீங்களே சொல்லுங்க.”

அதுதான் சங்கடம். பாட்டு அவனுடையது. வாழ்க்கையில் முதன்முதலாக அவனே எழுதியது. கல்யாண மேடையின் பின்வரிசையில் மினுக்குக் கோட்டுப் போட்டு நிற்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு. யாரும் பார்க்காத ஒருவன்.

*யாரோ பாட்டு, என் விரலு.*

இந்த வரிக்கு அப்புறம் எல்லாமே நிற்க வேண்டும். நான்கு தட்டு மௌனம். அதை அங்கே வைத்தவனே டெரன்ஸ்தான். ஆனால் ஒரு தடவைகூட அவன் அங்கே சும்மா இருந்ததில்லை.

மூவரும் அந்த வரியை மறுபடி வாசித்தார்கள். மௌனம் வர வேண்டிய இடத்தில் முகுந்தன் இதமாக ஒரு வளைவு போட்டான். கேட்க அழகாகவே இருந்தது.

டெரன்ஸ் வாசிப்பதை நிறுத்தினான். தன் வீட்டிலிருந்தே எதையோ பறிகொடுத்தது போல இருந்தது.

“முகுந்தா, தப்பா எடுத்துக்காத.”

“எடுத்துக்கலைங்ண்ணா.” முகுந்தன் கிட்டாரை உறையில் போட்டான். “சனிக்கிழமை கீழ உட்கார்ந்து கேக்கறேன்.”

சனிக்கிழமை அந்தச் சின்ன அரங்கம் நிறைந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் டெரன்ஸின் பழைய குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் குழுவின் முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு.

“மாஸ்டர், அந்த இடத்துல கை தானா ஓடிருச்சுன்னா?”

“ஓடட்டும்.”

“பாட்டு கெட்டுப்போயிருமே?”

“நான் பின்னாடிதான இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு எழினி மேடை ஏறிவிட்டாள்.

ஆரம்பித்தார்கள். கிட்டாரின் ஒலிபெருக்கி ஆம்ப் உறுமியது. எழினி அடித்த அடியில் முன்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். பாட்டு அந்த வரிக்கு வந்தது.

*யாரோ பாட்டு, என் விரலு.*

டிரம்ஸ் நின்றது.

டெரன்ஸின் விரல் எழுந்தது. அவன் கையைக் கம்பிகளிலிருந்து எடுத்துக் கீழே தொங்கவிட்டான்.

ஆம்பின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

நான்கு தட்டும் முடிந்தது. எழினி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

யாரோ இருமினார்கள். முதலாளி நாற்காலியில் நெளிந்தார். டெரன்ஸ் திரும்பிப் பார்த்தான்.

எழினி ஸ்டிக்கை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பதற்றமே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அரங்கத்தின் பக்கம் திரும்பினான். அத்தனை கண்களும் அவன்மேல் இருந்தன.

அவன் அவசரப்படவில்லை.

தனக்குப் போதும் என்று பட்டபோது கம்பியில் ஓங்கி அடித்தான். அதே கணத்தில் அவளுடைய ஸ்டிக்கும் டிரம்மில் விழுந்தது. கீழே பாதிப் பேர் ஆரவாரத்தோடு எழுந்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு எழினி டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டெரன்ஸ் பக்கத்தில் வந்து நின்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“நான் அடிக்காமயே நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, மாஸ்டர்? எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பீங்க?”

எழினி சிம்பல் தட்டைத் துணியில் சுற்றினாள்.

“நீங்க வர்ற வரைக்கும்.”