வழியில் சேதமான நூல்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த நாட்டுப் பண்டிதர்கள் வழக்குக்கு வந்துவிடுவார்கள், ஆகவே பெயர் வேண்டாம். அதை ஆண்ட உத்தமசிம்மருக்கு ஒருநாள் தம்மை உச்சி முதல் பாதம் வரை ஒரே பார்வையில் பார்த்துவிட ஆசை வந்தது. கடல் கடந்து வந்த ஒரு வணிகனிடம் ஆளுயரக் கண்ணாடி வாங்கினார். துறைமுகத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த சாக்கை அரண்மனையில் பிரித்தபோது மன்னருக்கு ஏராளமான முகங்கள் தெரிந்தன. எல்லா முகங்களும் கோபமாக இருந்தன.

"நான் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, பிரபு" என்றான் வணிகன்.

"எங்கிட்ட ஏத்தும்போதே சாக்குக்குள்ளதான் சாமி இருந்துச்சு. உள்ள எப்படி இருந்துச்சுன்னு மாட்டுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றான் வண்டிக்காரன்.

யாரை நம்புவது என்று தெரியாததால் மன்னர் இருவரையும் சிறையில் வைத்தார். பிறகு வணிக நீதிக் கல்விச்சாலையின் மூன்று பண்டிதர்களை வரவழைத்து, சரக்கு வழியில் உடைந்தால் நட்டம் யாருக்கு என்று கேட்டார்.

"ஒரு நோக்கில் விற்றவருக்கு" என்றார் அகோர பண்டிதர்.

"மறு நோக்கில் வாங்கியவருக்கு" என்றார் நீலலோகித பண்டிதர்.

"இதுபற்றி நான் எழுதிய உரைக்கு நானே எழுதிய விளக்கத்தைக் காண்க" என்றார் தாண்டவராய பண்டிதர். "அதிலும் முடிவு சொல்லப்படவில்லை. மேலும் ஆராய வேண்டியுள்ளது."

அவையில் நின்றிருந்த விகடன் பிச்சாண்டி சிரித்துவிட்டான். அன்று அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"சிரிப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டுமே" என்றார் அகோர பண்டிதர், மிகவும் அன்பாக. "பிச்சாண்டியே ஒரு நூல் எழுதட்டும், பிரபு. மரபுப்படி நாங்கள் மூவரும் பார்வையிட்டுத் திருத்தம் சொல்கிறோம்."

அந்த மரபு என்னவென்றால், எந்த நூலும் மூன்று பண்டிதர்களின் கையைக் கடந்துதான் மன்னரிடம் போக வேண்டும். அவர்கள் சொன்ன திருத்தத்தைக் கேள்வி கேட்டால் நூல் தள்ளுபடி.

மன்னருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "அடுத்த பௌர்ணமிக்குள் நூல் வர வேண்டும். பண்டிதர்கள் சொல்லும் திருத்தத்தில் ஓர் எழுத்தும் விடுபடக் கூடாது. அதன் பிறகும் அது என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றால், பிச்சாண்டி, நீ எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்துக்கொள்."

எல்லைக்கு அந்தப் பக்கம் உப்பளம். அங்கே போனவர்கள் சிரித்ததாகத் தகவல் இல்லை.

பிச்சாண்டி எழுதினான். பயம் கையைப் பிடித்து எழுத வைத்ததால் நூல் சுருக்கமாகவும் தெளிவாகவும் வந்தது. கல்விச்சாலையில் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் கல்விச்சாலை வழியாக, வேறு எங்கோ போகிறவன் மாதிரி நடந்தான். ஒருநாள் நீலலோகித பண்டிதர் அவனைப் பார்த்துவிட்டு, "உன் நூலைப் படித்தேன். சுவாரஸ்யமான முயற்சி" என்றார். எதிரி திட்டினால் பரவாயில்லை, பாராட்டினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

பௌர்ணமிக்கு முந்தின நாள் திருத்தங்கள் வந்தன. மூன்று ஓலைகள், மூன்றிலும் முத்திரை.

அவன் மனைவி பொன்னாச்சி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க சொல்லியிருக்காங்க?"

"முன்பாதியில புதுசா ஒண்ணுமே இல்லையாம். எடுத்துடணுமாம். இது அகோர பண்டிதர்."

"சரி."

"பின்பாதி முழுக்கப் புதுசா இருக்காம். முன்னாடி யாரும் சொல்லாததை எப்படி ஏத்துக்கிறதுன்னு கேக்குறார். அதையும் எடுத்துடணுமாம். இது நீலலோகிதர்."

"மிச்சம் என்ன இருக்கு?"

"தாண்டவராயர் பேர். அவரோட உரையை நான் எடுத்துக் காட்டலையாம். ஏட்டுக்கு ஏடு அவர் பேர் வரணுமாம்."

"போய்ப் பேசிப் பாருங்களேன்."

"பேசினா தள்ளுபடி."

"பேசலைன்னா உப்பளம். எனக்கு இடம் கேட்டு எங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பட்டுமா? இப்பவே கேட்டாத்தான் முடியாதுன்னு சொல்றதுக்கு அவருக்கும் நேரம் இருக்கும்." பொன்னாச்சி ஓலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க முழுசாத்தானே குடுத்தீங்க?"

"முழுசாத்தான் குடுத்தேன்" என்றான் பிச்சாண்டி. சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு புது ஏடுகளை எடுத்து உட்கார்ந்தான். மூன்று பண்டிதர்களும் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் செய்து முடித்தான்.

மறுநாள் அவை நிரம்பியிருந்தது. ஒருவன் நாடுகடத்தப்படுவதைப் பார்க்க எப்போதும் நல்ல கூட்டம் வரும். மன்னர் முதல் ஏட்டை எடுத்து உரக்கப் படித்தார்.

"தாண்டவராய பண்டிதர்."

அடுத்த ஏடு. "தாண்டவராய பண்டிதர்." அதற்கடுத்ததும் அதுவே. மன்னர் வாயால் தம் பெயர் திரும்பத் திரும்ப வரக் கேட்ட தாண்டவராயர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். மன்னர் கடைசி ஏட்டையும் கீழே வைத்தார்.

"இது நூலா?"

"இல்லை, பிரபு" என்றான் பிச்சாண்டி. "என் வீட்டிலிருந்து கிளம்பும்போது நூலாகத்தான் இருந்தது. வழியில் சேதமாகிவிட்டது."

"எந்த வழியில்?"

பிச்சாண்டி முத்திரையிட்ட மூன்று ஓலைகளையும் நீட்டினான். மன்னர் படித்தார். முற்பாதியை நீக்குக. பிற்பாதியை நீக்குக. ஏடுதோறும் என் பெயரை இடுக.

அகோர பண்டிதர் எழுந்தார். "எழுதியவர்தானே பொறுப்பு, பிரபு. எங்கள் கைக்கு வந்தது வெறும் பார்வைக்கு."

"நான் தொட்டது பிற்பாதியை மட்டும்" என்றார் நீலலோகிதர். "முற்பாதி எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது."

"நான் எதையும் நீக்கவே இல்லை. சேர்க்கத்தான் சொன்னேன்" என்றார் தாண்டவராயர்.

மன்னருக்குப் பொறுமை போய்விட்டது. "முற்பாதி இருந்தது, பிற்பாதி இருந்தது என்று நீங்களே முத்திரை வைத்து எழுதியிருக்கிறீர்கள். முழுதாக வாங்கியிருக்கிறீர்கள். ஒரு பொருள் யார் கையில் இருக்கும்போது கெட்டதோ அவர்தான் அதற்குப் பொறுப்பு. இதைச் சொல்ல ஒரு கல்விச்சாலை வேண்டுமா?"

பிச்சாண்டி தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அதுதான் பிரபு, என் நூலின் முதல் வரி. புதிதாக ஒன்றும் இல்லை என்று எடுத்துவிட்டார்கள்."

தம் கேள்விக்குத் தாமே பதில் சொல்லிவிட்டோம் என்பது மன்னருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னரை வேலை வாங்கியவனுக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் இல்லை. அதனால்தான் பிச்சாண்டிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சரக்கைப் பிரித்துப் பார்க்காமலே கை மாற்றினால்?" என்றார் மன்னர், சிரிக்காமல்.

"அது பிற்பாதி, பிரபு. பிரித்துக் காட்டாமல் கொடுத்தால் அது கொடுத்ததாகாது. சரக்கு இன்னும் விற்றவன் கையில்தான் இருக்கிறது."

மன்னர் யோசித்தார். வண்டிக்காரனை உடனே விடச் சொன்னார். வேறு கண்ணாடி கொண்டுவந்து, அவைக்கு நடுவே பிரித்துக் காட்டும்படி வணிகனுக்குச் சொல்லி அவனையும் விட்டார். உடைத்த நூலைப் பண்டிதர்கள் மூவரும் தம் கையாலேயே திரும்ப எழுத வேண்டும், அதைப் பிச்சாண்டி பார்வையிட்டுத் திருத்தம் சொல்வான் என்றார். அதுவரை நிமிர்ந்திருந்த தாண்டவராயர் சற்றுத் தளர்ந்தார்.

ஆனால் உப்பளம் பற்றி மன்னர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையைத் தட்டினார். கருவூலத்தார் ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார். "பட்டுச் சால்வை. வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போ, பிச்சாண்டி."

பிச்சாண்டி கையை நீட்டவில்லை. பொன்னாச்சி கூட்டத்தில் நின்று, வாங்கித் தொலைங்க என்று கண்ணாலேயே சொன்னாள். அவனோ அங்கேயே மண்டியிட்டு மூட்டையை அவிழ்த்து, மன்னர் முன்னிலையில் சால்வையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

நடுவில் பூச்சி அரித்து ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாகப் பிச்சாண்டியின் ஒரு கண் மன்னரைப் பார்த்தது.

மன்னர் சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் ஒரு பக்கம் சாயச் சிரித்தார்.

"கருவூலத்தாரே, வேறு கொண்டு வாரும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது இன்னும் என் கையில்தான் இருக்கிறது."