கடைசி அட்மின்

பெனிட்டாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த உமாபதி அவளைவிட வயதில் மூத்தவர். சொந்தமாக ஓர் அச்சகம் நடத்தி, அதை மூடிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள். யாரிடம் யார் கற்கிறார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

மதுரையில் ஒரு மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பள்ளிகள், மருந்துக் கடைகள், ஆபத்தில் இருக்கும் பெண்கள் அழைக்கும் ஓர் உதவி எண் என்று பலருடைய தகவல்கள் இருக்கும் சர்வர்களை அங்கிருந்து பார்த்துக்கொண்டார்கள். சர்வர்கள் எங்கேயோ இருந்தன. பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். அதிலிருந்தே ஒன்றை நிறுத்தலாம், ஓடவிடலாம், உள்ளே இருப்பதைத் திறந்து படிக்கலாம். ஆனால் உமாபதிக்கு ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க மட்டும்தான் அனுமதி. மற்ற எல்லாவற்றையும் செய்யும் அட்மின் உரிமை பெனிட்டா ஒருத்தியிடம் இருந்தது.

அந்த உரிமையை எப்போது தருவீர்கள் என்று உமாபதி அடிக்கடி கேட்பார். பொறுங்கள் என்பாள். ஒரு நாள் காலை அவர் மறுபடியும் கேட்டபோது, பேசாமல் பக்கத்தைத் திறந்து அட்மின்களில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டாள்.

உமாபதி மனைவிக்கு ஃபோன் செய்து சொன்னார்.

மதியம் முதலாளி தனபாலன் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். ஊரில் பெரிய மனிதர் என்று தனபாலன் அறிமுகப்படுத்தினார். அவருடைய மகள் வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். உதவி எண்ணுக்கு அவள் பேசியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே தங்கியிருக்கிறாள் என்பது அந்த சர்வரில் இருக்கும். ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துச் சொன்னால் போதும் என்றார் தனபாலன். வெளியே யாருக்கும் தெரியப் போவதில்லை.

வந்தவர் கண் கலங்கினார். பெற்ற பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும் என்றார். உமாபதிக்கு மனம் இளகிவிட்டது. அவருக்கும் கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தாள்.

உதவி எண்ணில் இருப்பவர்களிடம் சொல்வதாகவும், மகள் விரும்பினால் அவளே அப்பாவைக் கூப்பிடுவாள் என்றும் பெனிட்டா சொன்னாள்.

வந்தவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவ விருப்பத்தை யாரும்மா கேட்டா?"

தனபாலன் கதவருகே போய் நின்றுகொண்டார். பார்த்துச் சொல்லாமல் இன்று யாரும் வெளியே போக வேண்டாம் என்றார்.

பெனிட்டா கணினிப் பக்கம் திரும்பினாள். சர்வரைத் திறக்கத்தான் போகிறாள் என்று உமாபதி நினைத்தார். அவள் அட்மின்களின் பெயர்கள் இருந்த இடத்துக்குப் போனாள். தன் பெயரைத் தொட்டாள். நீக்கினாள்.

"இப்ப என்னால முடியாது சார்."

தனபாலனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அப்படியானால் யாரால் முடியும் என்று கேட்டார்.

"உமாபதி சாரால முடியும்."

எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். தனபாலன் அவளுக்கு வழிவிட்டார். இனி அவளால் அவருக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

இப்படி மாட்டிவிட்டுப் போவாள் என்று உமாபதி கனவிலும் நினைத்ததில்லை. உட்கார்ந்தார். திரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அவளைப் போலவே தன் பெயரையும் நீக்கிவிடலாம் என்று அழுத்தினார். ஓர் அட்மினாவது இருந்தாக வேண்டும், கடைசிப் பெயரை நீக்க இயலாது என்று பக்கம் மறுத்துவிட்டது.

வந்தவர் அவர் தோளில் கை வைத்தார். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அன்பாகக் கேட்டார். ஒரு மகள் என்றார் உமாபதி.

"அப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறங்க."

அந்தக் கை தோளிலேயே இருந்தது. தன் மகளின் முகத்தை நினைக்க முயன்றார் உமாபதி. முகம் வரவில்லை. எங்கோ பூட்டிய அறைக்குள் அவள் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

"மாட்டேன்," என்றார்.

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. தனபாலன் கத்தினார், வேலை போய்விடும் என்றார். உமாபதி அந்தப் பக்கத்திலிருந்து வெளியேறி, கணினியை அணைத்தார். வந்தவர் மட்டும் கோபப்படவில்லை. வீடு எந்தப் பக்கம் என்று உமாபதியிடம் விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார்.

பெனிட்டா எதிர்க் கடை வாசலில் நின்றிருந்தாள். கையில் ஃபோன். உமாபதி சாலையைக் கடந்து போனார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

அட்மின் உரிமை தன்னிடம் இருக்கும்வரை அந்த அறையிலிருந்து தன்னை வெளியே விட்டிருக்க மாட்டார்கள் என்றாள். வெளியே வந்ததும் உதவி எண்ணுக்குப் பேசியிருந்தாள். அந்தப் பெண்ணையும் பையனையும் அழைத்துக்கொண்டு அவர்கள் உடனே வேறு இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். போலீஸில் பாதுகாப்பும் கேட்டிருக்கிறார்கள். உமாபதி வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருந்தாள்.

உமாபதி திரும்பி அலுவலக மாடியைப் பார்த்தார்.

"நான் திறந்து காட்டியிருந்தா?"

"காலி வீட்டுக்குப் போயிருப்பாங்க."

அந்த நாற்காலி, தோளில் இருந்த கை, பறிபோன வேலை எல்லாம் அவருக்குள் ஒன்றாக மேலே வந்தன.

"அப்ப நான் மாட்டேன்னு சொன்னதுல யாரு மேடம் தப்பிச்சா?"

"அந்தப் பொண்ணைக் காப்பாத்த ஒரு ஃபோன் போதும் சார்," என்றாள் பெனிட்டா. "காட்டிக்கொடுக்குற பாவத்துலேர்ந்து உங்களை என்னால காப்பாத்த முடியாது."