பெருச்சாளி வைத்த பின்வாசல்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவரும் இன்னொருவரிடம் கேட்டதாகத்தான் சொன்னார். அதனால் அது எந்தக் காடு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்தக் காட்டுக் குன்றின் சரிவில் ஓர் இரும்புக் குடுவை கிடந்தது. யார் போட்டார்கள் என்று தெரியாது. அதனருகே படுத்த முயலுக்கு ரோமம் கொட்டியது. அங்கே மேய்ந்த இரண்டு கௌதாரிகள் செத்துப்போயின. உள்ளே இருப்பது நஞ்சு, ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று காட்டுத் தலைவரான முள்ளம்பன்றி முடிவு செய்தது. தோண்டும் வேலை மொக்கையன் என்ற பெருச்சாளிக்குக் கிடைத்தது.

குன்றின் அடிவாரத்தில் ஒரு சுனை. அதில் செவ்வி என்ற நண்டு வாழ்ந்தது. அதன் வயிற்று மடிப்பில் கடுகளவு குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குன்றில் இறங்கும் தண்ணீரெல்லாம் கடைசியில் அந்தச் சுனைக்குத்தான் வரும். அதனால் வேலை முடிந்தது என்று கேட்டதும் செவ்வி மேலே ஏறிப் போய்ப் பார்த்தது.

குழி ஆழம்தான். ஆனால் குடுவையைச் சுற்றி, தோண்டிய சரளை மண்ணையே மொக்கையன் பின்னங்காலால் எத்தித் தள்ளியிருந்தது. கொடுக்கை நுழைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது.

“என்ன அண்ணே, மண்ணு இப்படி உதிருது?”

பெருச்சாளிகள் வளையை இப்படித்தான் மூடும், பரம்பரை வழக்கம் என்றது மொக்கையன். குழி ஆழம், இரும்பு கனம், சுற்றிலும் பாறை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டது.

இரும்பு துருப்பிடிக்கும், பாறையில் வெடிப்பு விடும், நடுவில் அடைக்கும் மண்தான் தண்ணீரைத் தடுக்க வேண்டும் என்று செவ்வி பொறுமையாக விளக்கியது. மொக்கையன் கொட்டாவி விட்டது. செவ்வி மறுபடி விளக்கியது. மொக்கையன் காதைச் சொறிந்துகொண்டது.

சலித்துப்போய்ச் செவ்வி கீழே இறங்கியது. மொக்கையனும் பேசிக்கொண்டே கூட வந்தது. சுனைக்கு நேர் மேலே புதிதாக ஒரு பொந்து தெரிந்தது.

“இது எங்கே போகுது?”

“குடுவைக்குத்தான் தங்கச்சி. பின்வாசல். பாம்பு வந்தா எப்படித் தப்பிக்கிறது?”

“யாரு தப்பிக்கிறது? நஞ்சா?”

மொக்கையன் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. “இருந்தாலும் வழக்கம்னு ஒண்ணு இருக்கே!”

செவ்வி முள்ளம்பன்றியிடம் ஓடியது. வேலை முடிந்து விருந்தும் வைத்தாயிற்று, இப்போது போய்க் கிளறச் சொல்கிறாயே என்று அது முகம் சுளித்தது. இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று செவ்வி எல்லோரையும் ஒரு பாறைக்கு இழுத்துப் போனது. அடியில் வெடிப்பு விட்ட இரண்டு குழிகள் அதில் இருந்தன. ஒன்றில் மொக்கையனின் சரளையைப் போட்டது. மற்றொன்றில் சுனைக்கரைக் கரிசல் களியை அழுத்தி நிரப்பியது. இரண்டிலும் தண்ணீர் ஊற்றச் சொன்னது. சரளை வழியே தண்ணீர் நிமிடத்தில் ஒழுகிப்போனது. களிமண்ணோ ஊறி, உப்பி, வெடிப்பை இறுக்கிக்கொண்டது. மேலே தண்ணீர் அப்படியே நின்றது.

முள்ளம்பன்றி வானத்தைப் பார்த்தது. மேகம் கறுத்திருந்தது. “தோண்டுங்கடா!” என்றது.

மொக்கையன் முணுமுணுத்துக்கொண்டே சரளையை வாரி எறிந்தது. எல்லோரும் களிமண் சுமந்தார்கள். குடுவையைச் சுற்றிலும், பின்வாசல் வரைக்கும் காட்டுப்பன்றி மிதித்து மிதித்துத் திணித்தது.

மூன்று நாள் மழை கொட்டியது. மூன்று நாளும் செவ்வி குஞ்சுகளைத் தண்ணீரில் விடாமல் அந்தப் பொந்தின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. களிமண் உப்பி இறுகியது. ஒரு சொட்டும் கசியவில்லை. நான்காம் நாள் குஞ்சுகளைச் சுனையில் இறக்கிவிட்டது.

அப்போது மொக்கையன் வந்தது. “எல்லாம் சரிதான் தங்கச்சி. ஓரமா ஒரே ஒரு சின்ன வாசல் மட்டும்...”

செவ்வி கொடுக்கை உயர்த்தியது. மொக்கையன் மிச்சத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனது.

ஆபத்தை எவ்வளவு ஆழத்தில் புதைத்தாலும், சுற்றியுள்ள இடைவெளியை அக்கறையோடு அடைக்காவிட்டால் அது புதைத்ததாகாது.

பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன்: அணுக்கழிவைப் பூமிக்கடியில் புதைக்கச் சில நாடுகள் வகுத்திருக்கும் திட்டங்களிலும், கலனைச் சுற்றி அடைப்பது தண்ணீர் பட்டால் உப்பும் ஒருவகைக் களிமண்தான்.