முதல் அடி அதிகாரிக்கு

எங்கள் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலம். சேஷகிரி என்றொரு புவியியல் அதிகாரி புதிதாக வந்தார். கைவிட்ட சுரங்கவழிக்குள் தங்க ரேகை ஓடுவதாகச் சொல்லி, என் அப்பா உள்பட ஆட்களை அழைத்துப் போனார். மேல்பாறையில் விரிசல் இருந்ததால் எல்லாரும் தயங்கினார்கள்.

“தோண்டாதவனுக்கு நாளைக்கு வேலை இல்லை!” என்றார் சேஷகிரி.

மேல்பாறை சரியாமல் முட்டுமரம் நிறுத்தும் சௌரியப்பன் பணிவாகச் சுத்தியலை நீட்டினார். “ஐயா, கண்டுபிடிச்சது நீங்க. முதல் அடி உங்க கையாலதான் விழணும். நாங்க இங்கேயே நின்னு கைதட்டுறோம்.”

சேஷகிரி இரண்டடி உள்ளே வைத்தார். தோளில் பொடிக்கல் உதிர்ந்தது. சட்டென்று பின்வாங்கி, “ரேகை அவ்வளவு கனமில்லை. இந்த வழியை அடைச்சிடுங்க” என்றார்.

ஆட்களை ஏற்றிச் செல்லும் கூண்டு மேலே வந்து சேரும்வரை அடக்கிய சிரிப்பு வெளிச்சத்தில் வெடித்தது. சுரங்கம் மூடிப் பல வருஷமாகிறது. அன்றைக்கு அப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.