எரியாத சரக்கு

தாள் மறுபடியும் திரும்பி வந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி: ‘பக்கத்தில் என்ன இருக்கிறது?’

சடகோபன் அதைப் படித்துவிட்டு மடித்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டிய கையோடு திறந்து இன்னொரு முறை படித்தார். போன முறையும் இதே கேள்விதான்.

காவிரிக்கரையில் இருந்த ஒரு காகித ஆலையின் ரசாயனக் குடோனுக்கு அவர் பொறுப்பாளர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குடோனில் இருக்கும் ஒவ்வொரு சரக்கின் ஆபத்துகளையும் வகைப்படுத்தி டிரம்மின் மேல் லேபிள் ஒட்ட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தபோது, வேலை அவர் தலையில் விழுந்தது. கற்றுக்கொடுக்க ஹபீபா என்பவரை அமர்த்தினார்கள். ஆம்பூர்க்காரர். தோல் தொழிற்சாலைகளில் ரசாயனப் பாதுகாப்புப் பார்த்தவர். சடகோபனைவிட வெகுவாக இளையவர்.

இளையவரிடம் படிப்பதில் சடகோபனுக்குக் குறையில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாதவரிடம் படிப்பதுதான் தாங்கவில்லை.

பாடம் என்னவோ எளிதாகத்தான் தொடங்கியது. ஒரு சரக்குக்கு இரண்டு வகை ஆபத்து உண்டு. எரிவது, வெடிப்பது, இரும்பை அரிப்பது எல்லாம் ஒரு பக்கம். தோலுக்கும் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் செய்யும் கெடுதல் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அமிலத்தைச் சடகோபன் ஒரே மூச்சில் முடித்தார். காஸ்டிக் சோடாவையும் முடித்தார். சோடியம் குளோரேட்டில் வந்து மாட்டிக்கொண்டார்.

கூழை வெளுக்கும் வேலைக்கு வரும் சரக்கு அது. லோடுமேன்கள் வெள்ளை உப்பு என்பார்கள். பார்க்க அப்படியே சமையல் உப்புதான்.

உடம்புக்கான பகுதியைச் சடகோபன் அருமையாக எழுதியிருந்தார். வாய்க்குள் போனால் ரத்தத்தைக் கெடுக்கும், உதடு நீலம் பாயும், உப்பென்று நினைத்து யாரும் தொட்டுவிடாதபடி கேன்டீன் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, கேன்டீன் விஷயம் தனக்கே தோன்றவில்லை என்று ஹபீபா மனசாரச் சொன்னார்.

தீ, வெடிப்புக்கான பகுதியில் சடகோபன் எழுதியிருந்தது ஒரே வரி. ‘எரியாத சரக்கு. தீ ஆபத்து இல்லை.’

அங்கேதான் பென்சில் கேள்வி விழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. ஒரு தகரத் தட்டில் சிட்டிகை உப்பைப் போட்டு நெருப்புக் காட்டிப் பார்த்திருந்தார். அது பாட்டுக்குக் கிடந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஹபீபாவிடமே கேட்டார்.

ஹபீபா சாட்சி கேட்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று மட்டும் சொன்னார். இந்த உப்பை உலர்ந்த செல்லுலோஸ் தூளோடு கலப்பார்கள். செல்லுலோஸ் என்றால் வேறொன்றுமில்லை, பஞ்சுக்கும் மரத்துக்கும் காகிதத்துக்கும் உடம்பாக இருக்கிற நார்ச்சத்து. கலந்து குவித்து, சூடான கம்பியால் பற்றவைத்து, எவ்வளவு வேகமாக எரிகிறது என்று பார்ப்பார்கள். அந்த வேகத்தை வைத்துத்தான் வகை.

சடகோபனுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது.

“மேடம், நீங்க என்னை வகைப்படுத்தச் சொன்னது உப்பை. பஞ்சை இல்ல. பஞ்சு எரிஞ்சா அது பஞ்சோட குத்தம்.”

“சரி சார். அப்ப உப்பைத் தனியா எப்படிச் சோதிக்கலாம், சொல்லுங்க.”

“தனியாத்தான் சோதிச்சேனே. எரியல.”

“பக்கத்தில என்ன இருந்தது?”

“தகரத் தட்டு.”

“குடோன்ல?”

சடகோபன் குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தார். குடோனில் அந்த டிரம்கள் பலகைகளின் மேல் நின்றன. ஒரு பக்கம் சாக்குக் கட்டு. இன்னொரு பக்கம் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டைகள். இடத்தை மாற்றச் சொல்கிறாரா, வகையை மாற்றச் சொல்கிறாரா என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டில் எது என்று நேராகக் கேட்டார். ஹபீபா தாளை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து சடகோபன் அந்தத் தாளைத் தொடவில்லை. தான் எழுதியது உண்மை. உண்மையை எதற்குத் திருத்த வேண்டும்? வீட்டில் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. குழம்பில் உப்புக் கம்மி என்று மனைவி சொன்னபோது, தயவுசெய்து உப்பைப் பற்றிப் பேசாதே என்றார்.

ஹபீபா மறுபடி வந்த நாளில், காலையிலேயே குடோனில் ஒரு டிரம் சாய்ந்து உடைந்திருந்தது. உப்பு தரையெங்கும் சிதறியது. அள்ளியது போக மீதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். செல்லாண்டி என்ற லோடுமேன் அந்தக் கரைசலில் மண்டிபோட்டு உட்கார்ந்து, பலகைக்கு அடியில் போனதையெல்லாம் வழித்தெடுத்தார். எழுந்தபோது அவருடைய காக்கிப் பேண்ட் முழங்காலிலிருந்து கீழே சொதசொதவென்று நனைந்திருந்தது.

செல்லாண்டி நேராகச் சடகோபனிடம் வந்தார். வீடு பக்கத்தில்தான், ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேனுங்க என்று கேட்டார்.

வெளியே லாரி நின்றது. சடகோபன் நிதானமாகச் சொன்னார்.

“எரியாத சரக்குப்பா. அமிலமா என்ன? அப்படிக் காயப்போடு. லாரியை முடிச்சிட்டு மாட்டிக்கலாம்.”

செல்லாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சடகோபன் அதற்குள் லாரிக்காரரோடு பேசத் தொடங்கியிருந்தார். செல்லாண்டி பேண்டைக் கழற்றிக் கம்பி வேலியில் போட்டுவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு மூட்டை இறக்கினார்.

நல்ல வெயில். பேண்ட் சீக்கிரமே காய்ந்து விறைத்துவிட்டது.

ஹபீபா வாசலில் நுழைந்தபோது லாரி பாதி காலியாகியிருந்தது. லோடுமேன்கள் வெளியே பீடி பிடிக்கும் இடத்தில் நின்றிருந்தார்கள். செல்லாண்டி காதில் செருகியிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, வேலியிலிருந்த பேண்டை எடுக்கக் கையை நீட்டினார். துணியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

“அண்ணே, அதைத் தொடாதீங்க.”

ஹபீபா சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் செல்லாண்டியின் கை அப்படியே நின்றது. எல்லோரையும் தள்ளிப்போகச் சொன்னார். பீடிகளை அணைக்கச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார், கத்தரிக்கோல் கேட்டார். கையுறை மாட்டிக்கொண்டார்.

சத்தம் கேட்டுச் சடகோபன் வெளியே வந்தார்.

ஹபீபா பேண்டின் இடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு பட்டையை வெட்டினார். செல்லாண்டி பதறிப்போய், போன பொங்கலுக்குக் கொடுத்த யூனிபாரம் அது என்றார். ஹபீபா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். முழங்காலுக்குக் கீழேயிருந்து இன்னொரு பட்டையை மெதுவாக வெட்டினார். மீதிப் பேண்டை வாளிக்குள் அமுக்கினார்.

இரண்டு பட்டைகளையும் வெறும் சிமென்ட் தரையில் தள்ளித் தள்ளி வைத்தார். நீளக் கம்பி ஒன்றின் நுனியில் துணி சுற்றி நெருப்பு வைத்து, முதலில் இடுப்புப் பட்டையைத் தொட்டார். அது கருகி, புகைந்து, பிடித்து, மெதுவாக நகர்ந்து எரிந்தது. எரிந்து முடிவதற்குள் ஒருவர் கொட்டாவியே விட்டார்.

அடுத்த பட்டையைத் தொட்டார்.

சர்ரென்று மஞ்சளாக ஒரு வீச்சு. அவ்வளவுதான். தரையில் துணி இல்லை.

செல்லாண்டி குனிந்து லுங்கிக்குக் கீழே தெரிந்த தன் கால்களைப் பார்த்தார். கையில் இருந்த பீடியைப் பார்த்தார். அதைக் கீழே போட்டார்.

சடகோபனுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இந்த நேரத்தில் பொறுப்பாளர் பதறக் கூடாது என்று நினைத்தார். வழக்கமான அதே குரலில், “சரி சரி. ஒண்ணும் ஆகலையே. நடந்ததைப் பெரிசு பண்ணாம வேலையைப் பாருங்க” என்றார்.

செல்லாண்டி நிமிர்ந்தார்.

“ஒண்ணும் ஆகலீங்களா?”

“ஆகலைன்னுதான் சொல்றேன்.”

“நான் வந்து கேட்டனுங்க. மாத்திட்டு வர்றேன்னு கேட்டனுங்க.”

“கேட்டே. அப்ப எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். இப்ப எதுக்கு இந்தச் சத்தம்?”

செல்லாண்டி தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் ஓங்கி அறைந்தார். அது துள்ளிப் போய் லாரிச் சக்கரத்தில் மோதியது. அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் எழுதக்கூடியதல்ல. பேசிவிட்டு லுங்கியோடு வாசலைத் தாண்டிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். லாரி பாதிச் சரக்கோடு நின்றது. லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். மேனேஜர் போனில் கூப்பிட்டு, உங்கள் குடோனில் மட்டும் ஏன் மாதம் தவறாமல் இப்படி நடக்கிறது என்று கேட்டார்.

சடகோபனும் ஹபீபாவும் பக்கத்துப் பிரிவு ஆட்களை வைத்து, வெள்ளை உப்பு டிரம்களைச் சாக்கிலிருந்தும் வேஸ்ட் மூட்டையிலிருந்தும் பிரித்து, தனி அறைக்கு, சிமென்ட் மேடைக்கு மாற்றினார்கள். அது முடியவே பிற்பகல் ஆகிவிட்டது. சடகோபனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அறைக்கு வந்ததும் அவர் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். ‘தீ ஆபத்து இல்லை’ என்பதை அடித்தார். ‘எரியாத சரக்கு’ என்பதையும் அடிக்கப் போனவரிடம், அந்த இரண்டு வார்த்தையும் சரிதான், இருக்கட்டும் என்றார் ஹபீபா. சடகோபன் பக்கத்திலேயே எழுதினார். ‘மற்றதை எரிய வைக்கும். மிகக் கடுமையான வகை.’ குறியீட்டையும் சரியாகப் போட்டார். வெறும் சுடர் இல்லை, வட்டத்தின் மேல் நிற்கும் சுடர். ஹபீபா பார்த்துத் தலையசைத்தார். ஓரத்தில் இருந்த பென்சில் கேள்வியை அழித்தார்.

பாடம் முடிந்தது. ஆனால் சடகோபனுக்கு மனசு ஆறவில்லை. மேஜை மேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். பேச ஆரம்பித்தார்.

செல்லாண்டியிடம் போய் மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன், உப்பு விஷயத்தில் தப்பு என்னுடையதுதான் என்றார். ஆனால் அந்த ஆட்டம் எதற்கு? இத்தனை வருஷத்தில் தான் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. கத்துவதெல்லாம் அவர்கள்தான். போன மாதம் ஒருவன் டீத் தம்ளரை வீசினான். அதற்கு முன்னால் இருவர் வேலையை விட்டே போனார்கள். முன்கோபக்காரர்களாகப் பொறுக்கி எடுத்துத் தன் குடோனுக்கே அனுப்புகிறார்கள் என்றார்.

“செல்லாண்டி முன்னாடி எங்க இருந்தார் சார்?”

“கட்டிங் செக்‌ஷன்ல.”

“அங்க எப்படி?”

“அங்க அவனை மாதிரித் தங்கமான ஆள் இல்லையாம். அதைத்தான் நானும் சொல்றேன். எனக்கு அலுத்துப்போச்சு மேடம்.”

ஹபீபா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். போகவில்லை. நின்றார்.

அந்த அமைதி சடகோபனை இன்னும் எரிச்சலூட்டியது. நாள் முழுக்க அடக்கிவைத்ததெல்லாம் அந்தத் தாளின் மேல் திரும்பியது. விரலால் அதைத் தட்டினார்.

“இதுவும் அப்படித்தான் பாருங்க. எவ்வளவு அநியாயம். டிரம்முக்குள்ள சிவனேன்னு குளுகுளுன்னு கிடக்குது. பக்கத்தில வர்றதெல்லாம் எரியுது, கெட்ட பேரு இதுக்கு. அந்த உப்பையே கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லும்? நான் எங்க எரிஞ்சேன்னுதானே கேக்கும்?”

“ஆமா சார். அது கேக்கறதும் நியாயம்தான்” என்றார் ஹபீபா. “அதனாலதான் லேபிளை அதையே எழுதச் சொல்றதில்ல.”