நாற்பத்தெட்டு சிவப்புத் துணி

தக்கலையில் சைக்கிள் கடை வைத்திருந்த பெல்சியாவுக்கு முப்பத்தாறு வயது. காட்டுத் தடத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அவரை ஆசான் என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் வழி போடக் கற்றுக்கொண்ட தாணுமாலயனுக்கு ஐம்பத்தெட்டு. நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷம் ரோடு அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர். சிஷ்யனுக்குத் தலை நரைத்திருந்ததில் ஆசானுக்கும் கூச்சமில்லை, சிஷ்யனுக்கும் கூச்சமில்லை.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் முட்டம் கடற்கரையில் கிளம்பி, பேச்சிப்பாறை அணைக்குக் கீழே போய் முடிப்பார்கள். காரும் லாரியும் போகாத வழியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கடற்கரை மணல், குளத்துக் கரை, பாசனச் சானல் கரை, வாழைத்தோப்பு, கடைசியில் ரப்பர் எஸ்டேட்டின் ஏற்றம். வழி பிரிகிற இடத்தில் எல்லாம், போக வேண்டிய பக்கத்துக் கம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பது வழக்கம். துணி, தையல்காரர் ஹக்கீம் பாய் கடையில் மிஞ்சிய லைனிங்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வழி போட்டவர்தான் கடைசி ஆளாக வர வேண்டும். வரும்போதே துணிகளை அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். விட்டுவிட்டால் மாடு தின்றுவிடும். எஸ்டேட்காரரும் மறுவருஷம் கேட்டைத் திறக்கமாட்டார்.

அவிழ்த்த துணிகள் ஒரு மஞ்சள் பையில் சேரும். அந்தப் பை யார் வீட்டுக்குப் போகிறதோ அவர்தான் அடுத்த வருஷம் வழி போடுவார். இதுவரை அது ஆசான் கடையை விட்டு வெளியே போனதில்லை. இந்த ஒரு தடவை பார்க்கலாம் என்று தாணுமாலயனிடம் கொடுத்திருந்தார். தாணுமாலயனுக்கு அந்தப் பை மேல் அப்படி ஓர் ஆசை. ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் எதற்கும் வழி கேட்பதில்லை.

ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டார்.

"ஆசான், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வழி போட்டவன் எதுக்குக் கடைசியில வரணும்? முன்னால போனாத்தானே வழி காட்ட முடியும்? துணி அவுக்க யாரு வந்தாலும் போதுமே."

ஆசான் ஒரு பழைய சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெடலைக் கொஞ்சம் சுத்துங்க."

தாணுமாலயன் சுற்றினார். எண்ணெய் செயின் முழுக்க இறங்கியது.

"பதில் சொல்லலியே ஆசான்."

"ஞாயித்துக்கிழமை கடைசியில வாங்க."

இது ஒரு பதிலா என்று தாணுமாலயனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சனிக்கிழமை முழுக்க அலைந்து நாற்பத்தெட்டு துணிகளைக் கட்டினார். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்தார். அரசாங்கத்துக்குக்கூட அவர் அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருபத்திரண்டு பேர் கிளம்பினார்கள். முன்னால் ஆசான், கடைசியில் தாணுமாலயன். அவருக்குக் கொஞ்சம் முன்னால் ஹக்கீம் பாய். பாய்க்கு அறுபதைத் தொட்ட வயது, கனத்த உடம்பு, போதாததற்குச் சர்க்கரை நோய். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். பள்ளம் வந்தாலும் பயத்தில் இறங்கித் தள்ளுவார்.

சானல் கரையிலேயே மற்றவர்கள் கண்ணில் இருந்து மறைந்துவிட்டார்கள். அணைக்குக் கீழே இந்நேரம் எல்லோரும் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டபடி, வழி எப்படி இருந்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பாராட்டு முழுக்கத் தன் காதில் விழாமல் போகிறதே என்று தாணுமாலயனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு முடிச்சு இறுகிக்கொண்டு அவரை நிறுத்தியது. அவிழ்த்து முடித்து, ஓடையைத் தாண்டி மேலே வந்து பார்த்தால் தடத்தில் பாயைக் காணவில்லை.

"பாய்க்கு இன்னைக்கு றெக்கை முளைச்சிருச்சு போல" என்று சிரித்துக்கொண்டார். சந்தோஷமாக மிதித்தார். வழியில் இருந்த துணிகளை மளமளவென்று அவிழ்த்துப் பையில் போட்டார். அணையை வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

ஆசான் எழுந்து வந்தார்.

"எல்லாம் வந்தாச்சா அண்ணாச்சி?"

"நாப்பத்தெட்டும் வந்தாச்சு ஆசான். ஒண்ணு குறையல" என்று பையைத் தூக்கிக் காட்டினார்.

ஆசான் பையைப் பார்க்கவில்லை. தாணுமாலயனுக்குப் பின்னால் இருந்த தடத்தைப் பார்த்தார்.

"பாய் எங்க?"

தாணுமாலயன் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்கு முன்னால..." என்று தொடங்கினார்.

எஸ்டேட்டுக்குள் போன் பேசாது. காலையில் இருந்து பாய் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. ஒருவர் எழுந்து, ஆளுக்கு ஒரு பக்கம் போய்த் தேடலாம் என்றார்.

"துணி இல்லாம நாலு பேரு உள்ள போனா, நாலு பேரையும் தேடணும்" என்றார் ஆசான். ஒரு சீப்பு மட்டிப்பழத்தைத் தாணுமாலயன் கையில் கொடுத்தார். "நீங்க போங்க அண்ணாச்சி."

"நீங்களும் வாங்க ஆசான்."

"வழி போட்டது நீங்க."

தாணுமாலயன் பையையும் பழத்தையும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனார். முதல் பிரிவு தெரிந்தது. இரண்டாவது தெரிந்தது போல இருந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி ரப்பர் மரம், பால் பிடிக்க மரத்துக்கு ஒரு சிரட்டை. மேலே ஏறி வரும்போது பார்த்த இடத்துக்குக் கீழே இறங்கும்போது வேறு முகம். வரைபடத்தில் அந்த இடம் நகம் அளவுக்குத்தான் இருந்தது. போனில் சேமித்து வைத்திருந்த மேப்பிலும் பார்த்தார். பால் வெட்டுகிறவர்கள் நடக்கிற தடம் எதுவும் அதில் இல்லை. தான் போட்ட வழியில் தானே வழி தெரியாமல் நிற்பதை நினைத்தபோது அழுகை முட்டியது.

பையில் இருந்து ஒரு துணியை எடுத்துக் கட்டினார். ஒரு தடத்தில் போய்ப் பார்த்தார். அது இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து துணியை மாற்றிக் கட்டினார். பிரிவுக்குப் பிரிவு கட்டிக்கொண்டு, "பாய்! ஓ பாய்!" என்று கத்திக்கொண்டே போனார்.

ஓடையைத் தாண்டிய முதல் பிரிவில், ஒரு மரத்தடியில் ஹக்கீம் பாய் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. கத்துறது கேட்டுச்சு. பதிலுக்குக் கத்தத் தெம்பு இல்ல."

தாணுமாலயன் பழத்தை உரித்துக் கொடுத்தார். பாய் மூன்று பழம் சாப்பிட்ட பிறகுதான் பேச்சு வந்தது. தடத்தை விட்டுத் தள்ளி, பாறை மறைவில் ஓடையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தாராம். சைக்கிளையும் கீழேயே சாத்தி வைத்திருந்தாராம். மேலே வந்தால் ஆளும் இல்லை, துணியும் இல்லை.

"எங்கயும் அலையாம இங்கேயே எப்படி இருந்தீங்க பாய்?"

பாய் பக்கத்தில் இருந்த கம்பைக் காட்டினார். அதில் சிவப்பு நூல் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம கடை லைனிங். எனக்குத் தெரியாதா? துணி இந்த இடத்துல இருந்திருக்கு. எந்தப் பக்கம்னுதான் தெரியல. சரி, இருப்போம்னு இருந்தேன்."

"பயப்படலியா?"

"பயந்தேன். பின்ன? ஆனா அவுத்தவரு அங்க போயி எண்ணிப் பாப்பாருல்லா."

தாணுமாலயன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தில் காது சூடாகியது. எண்ணிப் பார்த்தது உண்மைதான், துணிகளை.

"நீங்க முன்னால போங்க பாய்" என்றார்.

பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். வரைபடத்தில் சாதாரண ஏற்றம் என்று எழுதியிருந்த இடத்தில் பாய் நான்கு தடவை நின்றார். நான்கு தடவையும் தாணுமாலயன் பின்னால் நின்றார். பாய் நகர்ந்த பிறகு நகர்ந்தார். கட்டிய துணிகளை மறுபடி அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கு பக்கத்தில் ஒரு துணி அவிழவில்லை. அவசரத்தில் அவரே போட்ட குருட்டு முடிச்சு. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். நிமிர்ந்து பார்த்தபோது பாய் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார். தாணுமாலயன் முடிச்சைப் பார்த்தார். பாயின் முதுகைப் பார்த்தார். முதுகு மறைந்தது. துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

அணைக்குக் கீழே வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஆசான் மட்டும் கப்பைச் சட்டியை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் வந்தாச்சா அண்ணாச்சி?"

பாய் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். தாணுமாலயன் அவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வந்தாச்சு ஆசான்."

பிறகு மஞ்சள் பையை ஆசான் முன்னால் வைத்தார்.

"இதுல ஒண்ணு குறையுது. கலுங்கு பக்கத்துல முடிச்சு விழுந்து போச்சு. அதுக்குள்ள பாய் வளைவு திரும்பிட்டாரு. விட்டுட்டு வந்துட்டேன். எஸ்டேட்காரங்ககிட்ட நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்." பையை ஆசான் பக்கம் இன்னும் தள்ளினார். "அடுத்த வருஷத்துக்கு நல்ல ஆளாப் பாத்துக் கொடுங்க ஆசான்."

ஆசான் பாய்க்கு ஒரு தட்டில் கப்பையும் குழம்பும் வைத்துக் கொடுத்தார். இன்னொரு தட்டைத் தாணுமாலயனிடம் நீட்டினார். பையை எடுத்து, வாயைச் சுருக்கிக் கட்டி, தாணுமாலயனின் சைக்கிளில் கொண்டுபோய் மாட்டினார்.

"நாளைக்கு வெளிச்சத்துல போயி அந்த ஒண்ண அவுத்துருங்க அண்ணாச்சி. அவுத்து உங்க வீட்டுலயே வச்சுக்கோங்க."